சேதப் பதிவேடு

புதன்கிழமை நாலு மணிக்கு
முதலில் புத்தகம், அப்புறம் மண்.
ஹில்யேயின் யோசனை அது.
வோரு நகர நூலகத்தின் பின்புறம்
குப்பைத்தொட்டிகள் நின்ற இடத்தில்
இப்போது நாலு பலகைப் பாத்திகள்.
திரும்பி வரும் புத்தகங்களை வாங்கிவைப்பவள் நான்.
எனக்கு இதில் வேலையில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசி.
வேலியோரம் இன்னும் அழுக்குப் பனி.
மண்புழு தபால்காரனாகிற கதையைக் கேட்டுவிட்டுப்
பதினாலு பிள்ளைகள் வெளியே ஓடி
கடிதம் தேடித் தோண்டினார்கள்.
ஒரு சோடா மூடி,
காம்பு மட்டும் ஒரு கரண்டி,
குளிரில் சுருண்ட ஒரே ஒரு தபால்காரன்.
இன்றைக்கு அவருக்கு லீவு என்று
லீலோ மறுபடி மண்ணை மூடினாள்.

அடுத்த வாரம் பட்டாணி.
படத்தில் அது
மூன்றாம் பக்கம் முளைத்து
ஆறாம் பக்கம் கூரையேறி
எட்டில்
மாடிவீட்டுக்காரரின் தொப்பியைப் பறித்துவிடும்.
பாத்தியிலோ ஒன்பது நாளாக
அட்டையைத் தாண்டவில்லை.

உக்குவுக்கு ஐந்து வயது.
தினமும் வந்து விரலால் கிளறி
வெளியே எடுத்துப் பார்த்தான்,
எத்தனையாவது பக்கம் வந்திருக்கிறதென்று.
குறை சொல்ல முடியாது;
எங்கள் மொழியில்
இலைக்கும் ஏட்டுக்கும் ஒரே சொல்.
எடுக்காதே என்றாள் ஹில்யே.
அவன் எடுத்தான்.
எல்லோருடையதும் முளைத்தது,
அவனுடையதைத் தவிர.

மேசைமேல் புத்தகத்தைத் தள்ளினான்.
"இது கெட்டுப்போச்சு. வேற குடுங்க."
புரட்டிப் பார்த்தேன்.
தையல் சரி, முத்திரை சரி,
இருபத்துநாலு பக்கமும் இருந்தன.
கெட்டுப்போகவில்லை என்றேன்.
"அப்ப ஏன் இவ்வளவு வேகமாப் போகுது?"

பதிவேட்டில் அதற்குக் குறியீடு இல்லை.
கிழிசலுக்கு உண்டு, ஈரத்துக்கு உண்டு,
கிறுக்கலுக்கு, காப்பிக்கறைக்கு,
நாய் கடித்ததற்குக்கூட உண்டு.
மண்ணுக்குக் கிடையாது.
அந்த வசந்தம் முழுக்கப்
பதினோராம் பக்கத்துக் கட்டைவிரல் ரேகைகளை
உலர்ந்த தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தேன்.
தட்டிய மண்ணை எங்கே கொட்டுவது?
எழுந்து பாத்திக்குப் போனேன்.
அப்படித்தான் எனக்கும் நகக்கண் கறுத்தது.

ஜூனில் நடுக்கோடைத் திருநாளுக்குப் பூட்டினோம்.
நாலு நாள், பாதி மழை,
இரவென்று பேர்சொல்ல ஒரு மங்கல்.
திறந்தபோது
முள்ளங்கிப் பாத்தியில் மல்லாந்து கிடந்தது
பட்டாணிக் கதை,
எட்டாம் பக்கம் விரிந்து, அப்பளமாய் ஊறி.
யாரோ சட்டைப்பையிலிருந்து சிந்திய கிரெஸ் விதை,
கடுகுக்குத் தம்பி,
அதில் வேர்விட்டிருந்தது.
அதுவும் எங்கே?
தொப்பி பறிபோன அந்த மனிதரின்
மொட்டைத் தலையில்.
பச்சையாக, அடர்த்தியாக,
கொஞ்சம் இடப்பக்கம் வகிடெடுத்து.

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.
உக்கு குனிந்து,
விரல்விட்டு எண்ணி, "எட்டு" என்றான்.
இந்தமுறை பிடுங்கவில்லை.
காது மடலருகே நாலு முடியைப்
பல்லால் கடித்து மென்றான்.
"காரம்."
அப்புறம் வரிசை.
பத்து நிமிடத்தில் அவர் மறுபடி வழுக்கை.

நான் பதிவேட்டைத் திறந்தேன்.
ஈரம் என்று எழுதி அடித்தேன்.
நாய் கடித்தது என்ற குறியீட்டைப் போட்டு,
நாயை மட்டும் அடித்து,
'வாசகர்' என்று திருத்தினேன்.
அபராதம்: கோடு.

இலையுதிர் காலத்தில் புதுப் பிரதி வந்தது.
மொடமொடவென்ற தாள், அச்சு மையின் வாசம்.
முதலில் எடுத்தவன் உக்குதான்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
எட்டாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
பிறகு
கையைச் சட்டைப்பைக்குள் விட்டான்.

எனக்கு அந்தப் பக்கம்
அடுக்கவேண்டிய புத்தகங்கள் நிறைய இருந்தன.
தண்ணீர் டம்ளரை
மேசையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.